குட்டானைத் தேடிப் போன வண்டி

சேவுகன் அந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்த அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. உயரமென்றால் அப்படியோர் உயரம். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பூசணிக்காயை வைக்கலாம். டயரில் கட்டை கட்டையாகப் பிடிமானம். தார் ரோட்டிலும் போகும், காடு கரையிலும் போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சார்ஜாவில் கிரேன் மேல் உட்கார்ந்துகொண்டு, தூரத்து மணல்மேட்டில் இப்படிப்பட்ட வண்டிகள் பறப்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் சேவுகன். லீவில் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் காரைக்குடியில் செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பிடித்துவிட்டான். எத்தனை சிசி என்று யாரும் கேட்காதவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கேட்டது அவனுடைய தம்பி விக்ரம். நூற்றைம்பது என்று பதில் வந்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அய்யனார் கோயில் குதிரைக்குள்ளே ஆட்டுக்குட்டியை அடைத்து வைத்த மாதிரி இருக்கிறதே என்றான். அவனிடம் நானூறு சிசி வண்டி இருக்கிறது. அது தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் பாத்திரங்கள் அதிரும். அவன் கேலி செய்யத்தான் செய்வான்.

மறுநாள் சேவுகன் மனைவி திலகவதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் புறப்பட்டான். எதிர்க்காற்று. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. டவுன் பஸ். அதிலும் ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் இவர்களைப் பார்த்துப் பாவமாகத் தலையை ஆட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வண்டியை மாட்டுக்கொட்டகை ஓரமாக நிறுத்தியவன் அந்த லீவு முடியும்வரை அதைத் தொடவே இல்லை.

அவன் சார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு அதை எடுத்தவள் திலகவதி. அவளுக்கு அது தோதாக இருந்ததற்கு முதல் காரணம் கால். கல்யாணம் பேசும்போது பெண் கொஞ்சம் உயரம் என்று இழுத்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. அந்த உயரத்துக்கு முதன்முதலாக ஒரு மரியாதை கிடைத்தது இந்த வண்டியில்தான். சேவுகன் கால்விரல் நுனியில் நின்ற இடத்தில் அவள் இரண்டு பாதமும் ஊன்றி நின்றாள். மாமியார் செங்கமலத்துக்கு இதில் பெரிய ஆட்சேபணை ஒன்றும் இல்லை. வயல் போர்செட்டுக்கு நடக்கிற நடை மிச்சம் என்று சொல்லிவிட்டு, நாலாம் நாளே தவிட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சக்தி குறைந்த வண்டியோடு குடித்தனம் நடத்துவது ஒரு கலை. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஏற்றம் வந்த பிறகு கியரைக் குறைத்தால் வண்டி திணறும். ஏற்றத்தைக் கண்ணால் பார்த்ததுமே குறைத்துவிட்டால் முனகாமல் ஏறிவிடும். ஆடி மாதக் காற்றில் அதைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஹேண்டிலோடு குனிந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். திலகவதி இதையெல்லாம் விழுந்து எழுந்து தெரிந்துகொண்டாள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, யாரையும் முந்துவதில்லை என்று ஒருநாள் முடிவு செய்தாள். அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் ரோடே வேறு ரோடாகிவிடுகிறது. வருகிறவனுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு, எந்தத் தோட்டத்தில் மல்லி பூத்திருக்கிறது, எந்தக் கண்மாயில் நாரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டால் அவளும் எல்லோரும் போய்ச் சேருகிற நேரத்துக்குத்தான் சேர்ந்தாள். தார் ரோட்டை விட்டு வரப்பில் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். அங்கே அந்த வண்டி ராஜா.

சேவுகனுக்குத்தான் மனசு ஆறவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பஸ் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். இன்னொரு காண்ட்ராக்ட் முடித்துவிட்டு வந்தால் நானூறு சிசியாக எடுத்துவிடலாம், ஒன்னையும் பின்னாடி வச்சுக்கிட்டு ஒரு பயலையும் முந்தவிடாமல் போகலாம் என்பான். ஒங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவள் பேச்சை மாற்றிவிடுவாள். வெளிநாட்டில் இருக்கிற புருஷனிடம் வா என்று சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். அங்கே அவன் என்ன கஷ்டத்தில் இருக்கிறானோ, நாம் வேறு ஏன் அவன் மனசைக் கலைக்க வேண்டும் என்பார்கள். திலகவதியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

வண்டி வாங்கிய அதே லீவில் சேவுகன் ஒரு கன்றுக்குட்டியும் வாங்கியிருந்தான். அதன் பெயர் குட்டான். மூன்று வருடத்தில் குட்டான் திமில் திமிறிய காளையாகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் அது பூனை. வாசலில் வேற்றாள் நிழல் விழுந்தால் புலி. திலகவதி கையால் வைத்தால்தான் பருத்திக்கொட்டை தின்னும். சாயங்காலம் அதற்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான். மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவா முடியும்? கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு, அவள் வண்டியில் முன்னால் போவாள், குட்டான் பின்னால் ஓடி வரும். ஃபர்ஸ்ட் கியரில் மாட்டு நடைக்கும், செகண்ட் கியரில் மாட்டு ஓட்டத்துக்கும் அந்த இன்ஜின் அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. விக்ரமும் தன் வண்டியில் ஒருநாள் முயன்று பார்த்தான். குட்டான் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலியைத் தாண்டி அடுத்தவன் கடலைக் கொல்லையில் போய் நின்றது.

அந்த மாசி மாதம் குட்டானுக்கு முதல் வாடிவாசல். திருவரங்குளத்துக்கு அங்கிட்டு ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு. டோக்கன், டாக்டர் சர்ட்டிஃபிகேட் எல்லாம் விக்ரம் அலைந்து வாங்கி வந்தான். குட்டான் என்ற பெயரை மைக்கில் சொன்னால் மானம் போய்விடும் என்று ‘சூறாவளி’ என்று பதிந்துவிட்டான். உள்ளூர் ஆரோக்கியதாஸின் ‘குட்டி யானை’ மினி லாரியில் மாட்டை ஏற்றினார்கள். திலகவதி பின்னாலேயே தன் வண்டியில் போனாள். புறப்படுமுன் சேவுகன் போன் செய்தான். அடுத்த காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட இந்த வாரம்தான் கெடு என்றான். மாட்டை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடு, அதை நம்பித்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று சிரித்தான். அவன் விளையாட்டாகச் சொன்னது அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

முறை என்னவென்றால், மாட்டைக் கொண்டுபோகிறவர் வாடியில் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டு, உடனே சுற்றிக்கொண்டு ஓடி, மாடு வந்து சேரும் இடத்தில் கயிறோடு நிற்க வேண்டும். தெரிந்த முகம் அங்கே நின்றால்தான் மாடு நிற்கும். விக்ரம் அந்த வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக ஒற்றைக்காலில் நின்றான். திலகவதி தடுப்புக்கு வெளியே, பெண்கள் நிற்கிற பக்கம் நின்றாள்.

குட்டான் வெளியே வந்த அழகைச் சொல்லி மாளாது. ஒருவன் திமிலைத் தொட்டான், அடுத்த நொடி மண்ணில் கிடந்தான். மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். மாடு நின்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ராஜநடையாகப் போனது. மைக்கில் சூறாவளி, சூறாவளி என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரர் வந்து சீலிங் ஃபேனை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விக்ரமும் போய் வாங்கிக்கொண்டான். அதுதான் அவன் செய்த தப்பு. மைக்கில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிக் கேட்டுவிட்டு, ஃபேன் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஃபோட்டோவுக்கு நின்றுவிட்டு அவன் ஓடிவருவதற்குள், குட்டான் சேர வேண்டிய இடத்துக்கு வந்து, தெரிந்த முகம் ஒன்றையும் காணாமல், தடுப்பைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருந்தது.

ஜல்லிக்கட்டு மாடு தப்பிப் போவது புதுசு ஒன்றும் இல்லை. சில மாடு தானே வீடு திரும்பும். ஆனால் குட்டானின் வீடு இருப்பது அறந்தாங்கிப் பக்கம். அதற்கு வழி தெரியாது. மிரண்ட மாட்டுக்குக் கிணறும் தெரியாது, லாரியும் தெரியாது. முந்திரிக் காட்டைத் தாண்டினால் கண்மாய், கண்மாயைத் தாண்டினால் மெயின் ரோடு. போன வருடம் அந்த ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு காளையைப் பற்றி யாரோ சொல்ல ஆரம்பித்தார்கள். திலகவதி அதை முழுசாகக் கேட்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

அவளுக்கு முன்பே நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்திருந்தன. உதவி செய்கிற நல்ல மனசுதான். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மாடு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. விக்ரம் ஃபேனை ஆரோக்கியதாஸிடம் கொடுத்துவிட்டு அழாத குறையாக வந்து நின்றான். அவனைத் திட்ட அவளுக்கு நேரமில்லை.

“தம்பி, ஒன் வண்டிதான் ரோட்ல பறக்கும். நீ சுத்திப் போயி மெயின் ரோட்ல நில்லு. மாடு ஏறி வந்தா வர்ற வண்டிய நிப்பாட்டு. உள்ள ஹாரன் அடிக்கிற இவுங்களயும் கூட்டிட்டுப் போயிரு. காட்டுக்குள்ள நான் மட்டும் போறேன்,” என்றாள்.

“நீங்க ஒத்தையாவா அண்ணி?” என்று அவன் கேட்டபோது அவள் கியரைப் போட்டுவிட்டிருந்தாள்.

முந்திரிக் காட்டில் கிளைகள் தரையோடு தரையாகப் படர்ந்திருந்தன. அவள் குனிந்தும் வளைந்தும் போனாள். மணல் வந்த இடத்தில் காலை ஊன்றி ஊன்றித் தள்ளினாள். அந்த வண்டி எங்கேயும் துள்ளவில்லை, எங்கேயும் பிய்த்துக்கொண்டு ஓடவில்லை. அவள் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தது. அங்கங்கே நிறுத்தி இன்ஜினை அணைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். குளம்படி மணலில் ஆழமாகப் பதிந்திருந்த இடங்களில் மாடு ஓடியிருந்தது. பிறகு அடிகள் நெருங்கி வந்தன. சரி, நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சேவுகன்தான். அவன் அங்கே யூடியூபில் லைவ் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். எடுத்து என்ன சொல்வது? மாடு கிடைக்காமல் எடுக்கப் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்துவிட்டாள்.

குளம்படி கண்மாய்க் கரையில் ஏறியிருந்தது. செங்குத்தாக, ஆளுயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு இருக்கும் கரை. அவள் செகண்டில் வந்து ஃபர்ஸ்டுக்குக் குறைத்தாள். பாதியில் இன்ஜின் செத்துவிட்டது. இன்னொரு முறை இறங்கிப் போய் வேகமாக வந்து பார்த்தாலும் இதே கதைதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கீழே இறங்கினாள். ஸ்டார்ட் செய்து, வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, பாதி கிளட்சில் விட்டாள். ஆள் பாரம் இல்லாத வண்டி தானாக ஏறியது. அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். போர்செட் வாய்க்கால் கரையில் அவள் தினமும் செய்கிற வேலைதான்.

கரைமேல் நின்று பார்த்தபோது குட்டான் கீழே நின்றது. கண்மாயில் பாதிதான் தண்ணீர். ஓரத்துச் சேற்றுத் தரையில், வாயில் நுரை தள்ள, மெயின் ரோட்டைப் பார்த்து நின்றது. லாரிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் மெல்ல இறங்கிக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தினாள். மாடு திரும்பியது. அவளை அது பார்த்த பார்வை வீட்டில் பார்க்கிற பார்வை இல்லை. தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணைக் கிளறியது. உடம்பெல்லாம் யார் யாரோ தொட்ட எரிச்சல். மூக்கில் கயிறு இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுடைய குரலே அவளுக்கு வேற்றுக் குரலாக ஒலித்தது.

திலகவதிக்குப் பயம் வந்தது. மாடு பாய்ந்தால் இந்த வண்டியை முறுக்கித் தப்பிக்க முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? நானூறு சிசி என்றால் முயன்று பார்க்கலாம். இதில் ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட முடியாது என்று ஆன பிறகு மனசு ஒரு தினுசாகத் தெளிந்தது. அவள் வண்டியை நிதானமாக வட்டம் அடித்துத் திருப்பினாள். மாட்டுக்கு முதுகைக் காட்டினாள். ஃபர்ஸ்ட் கியரில், சாயங்காலம் போகிற அதே நடையில், கரையைப் பார்த்துப் போக ஆரம்பித்தாள்.

கண்ணாடியில் பார்க்கலாம் என்றால் அது ஆடிய ஆட்டத்தில் தன் தோள்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இன்ஜின் டுபு டுபு என்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் சேற்றில் குளம்பு புதைந்து எடுபடும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. குட்டான் வருகிறது. ஆனாலும் கை ஆக்ஸிலேட்டரைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கரை அடிக்கு வந்ததும் மறுபடியும் அதே பாடு. இந்த ஏற்றத்தில் வண்டி அவளைச் சுமக்காது. இறங்கித்தான் ஆக வேண்டும். பின்னால் மூக்கணாங்கயிறு இல்லாத காளை. அந்த ஒரு நொடியில் அவளுக்குச் சேவுகன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாட்டை வாங்கிக் கட்டிவிட்டு, வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு, அவன் பாட்டுக்குப் போய்விட்டான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை அவள் மூன்று வருடமாக ஒற்றையாகச் செய்துகொண்டிருக்கிறாள். இதை இத்தனை நாள் அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இறங்கினாள். பாதி கிளட்சில் வண்டி ஏற, அவளும் ஏறினாள். முதுகில் ஈரமாக, சூடாக மூச்சு பட்டது. கரை உச்சியில் அவள் நிற்க, குட்டான் அவள் தோள்பட்டையில் மூக்கைத் தேய்த்துவிட்டுப் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. சேலையெல்லாம் எச்சில். வண்டியை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, அதில் சுற்றி வைத்திருந்த கயிற்றைக் கொம்பில் போட்டு முடிச்சிட்டாள். அப்புறம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

விக்ரமுக்குச் சேதி சொல்லி, முந்திரிக் காட்டு வழியே மாட்டைப் பின்னால் நடத்திக்கொண்டு லாரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. விக்ரம் வந்து மாட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு அண்ணியின் வண்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைக்க ஆரம்பித்தான். ஆரோக்கியதாஸ் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார். திலகவதி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே சேவுகன் எடுத்தான். மாடு கிடைத்துவிட்டது, காயமில்லை என்று அவள் சொன்னாள். அவன் எப்படி, எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கண்மாய்க் கரை என்றதும் அவனுக்கு வண்டி ஞாபகம் வந்துவிட்டது.

“அந்தக் கரையில நம்ம வண்டி எப்புடி ஏறுச்சு?”

“நான் எறங்கிட்டேன். அது ஏறுச்சு.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவன் வழக்கமான பாட்டை எடுத்தான். இதற்குத்தான் சொல்கிறேன், நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், அடுத்த லீவில் பெரிய வண்டி வாசலில் நிற்கும், இனி நீ எந்தக் கரையிலும் இறங்க வேண்டியதில்லை என்றான். ஒங்க இஷ்டம் என்ற வார்த்தை அவள் வாய்வரைக்கும் வந்தது. அதை அவள் விழுங்கிவிட்டாள்.

“கையெழுத்துப் போடாதீங்க,” என்றாள். “எனக்குப் பெரிய வண்டி வேணாங்க. வண்டிக்குச் சக்தி கம்மியா இருக்கேன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. இன்னைக்கி அந்தக் கரையில வண்டியப் புடிச்சுக்கிட்டு ஒத்தையா நின்னேன். பின்னாடி மாடு. நம்ம வீட்ல ஆளுதாங்க கம்மி.”

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ இரும்பு இரும்போடு மோதும் சத்தம் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போனை வைக்கவில்லை. தப்பாகப் பேசிவிட்டோமோ என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“பங்குனியோட காண்ட்ராக்ட் முடியுது,” என்றான் சேவுகன். “முடிஞ்ச மறுநாள் வாரேன்.”

அவள் ம் என்றாள். லாரியின் பலகையைத் திறந்துவிட்டு ஆரோக்கியதாஸ் கூப்பிட்டார். குட்டானை ஏற்ற வேண்டும், அதற்கு அவள் கைதான் வேண்டும். போனைக் காதிலிருந்து எடுக்காமலே திலகவதி எழுந்து போனாள்.